முக்காலியைப் பிடித்த பீடை

பளபளச் சாமி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் மனிதர்களுக்கு நோய் கிடையாது. நோயெல்லாம் மேசைக்கும் நாற்காலிக்கும்தான். காய்ச்சல், கணவனின் குடி, மாமியாரின் வாய், எதைச் சொன்னாலும் சாமி கண்ணை மூடுவார். "உன் வீட்டு மரச்சாமான்ல பீடை இருக்கு மகனே!" கூட்டம் உருகிப்போகும்.

மருந்தும் அவரே விற்றார். மந்திரம் ஏற்றிய தேன்மெழுகு. விரல் கனத்துக்குப் பூச வேண்டும், துடைக்கவே கூடாது. துடைத்தால் அருள் துணியோடு போய்விடுமாம். ஒரு கந்தல் துணிக்குத் தாங்காத அருள் என்ன அருளோ! யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் தலையாட்டியும் ஒரு மெழுகு டப்பா வாங்கினான். மூட்டை தூக்குகிறவன், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். அவன் மனைவி தையல்காரி. அவள் துணி வெட்டும் மேசையில் டப்பா முழுவதையும் அப்பிவிட்டான். மறுநாள் அவள் விரித்த பட்டுத்துணி மேசையோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தாள், கிழிந்தது.

தலையாட்டி சாமியிடம் ஓடினான்.

"பீடை இறுக்கிப் பிடிச்சிருக்கு. அந்த மேசை வீட்டுல இருந்தா உயிருக்கே ஆபத்து. நாளைக்கு வண்டியோட வர்றேன்."

அந்த வண்டியில் ஏற்கெனவே பல கட்டில்களும் அலமாரிகளும் போயிருந்தன. எங்கே போயின என்று கேட்பது பாவம்.

"மேசை போனா என் பொழப்பே போச்சு. உங்க தலை மேல வச்சா துணி வெட்டுவேன்?" என்றாள் தையல்காரி.

"சாமியே சொல்லிட்டாருடி."

"அவர் சொல்லுவாரு. நீங்க யோசிக்கக் கூடாதா? அதுக்கும் டப்பா வாங்கணுமா?"

தலையாட்டி அதற்கும் தலையாட்டினான்.

அவள் கடையில் ஒரு கட்டி தேன்மெழுகு வாங்கினாள். சீவிக் கிண்ணத்தில் போட்டு, கொதிநீருக்குள் வைத்து உருக்கினாள். ஆளிவிதை எண்ணெய் ஊற்றிக் கலக்கி ஆறவிட்டாள். வெண்ணெய் போலத் திரண்டு வந்தது. மந்திரம் எதுவும் சொல்லவில்லை. அடுப்படியில் கேட்டதெல்லாம் புருஷனுக்கு விழுந்த வசவுதான். அந்த மெழுகை ஒரு முக்காலியில், சாமி சொன்ன கனத்துக்கே அப்பி வைத்தாள்.

மறுநாள் வண்டியும் கூட்டமுமாகச் சாமி வந்தார்.

"உக்காருங்க சாமி" என்று அவள் முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

சாமி உட்கார்ந்தார். மேசையைப் பார்த்தபடி வெகுநேரம் நடுங்கிக் காட்டினார். பிறகு எழுந்தார். முக்காலியும் கூடவே எழுந்தது.

"ஐயோ, சாமியையே பீடை பிடிச்சிருச்சு!" என்று அலறினான் தலையாட்டி. "தூக்கி வண்டியில ஏத்துங்கடா!"

நாலு பேர் பக்தியோடு பாய்ந்து தூக்கினார்கள்.

"விடுங்கடா மடப்பசங்களா! பீடையாவது மண்ணாவது! மெழுகை இப்படி அப்பித் துடைக்காம விட்டா, ஒட்டாம கொஞ்சவா செய்யும்?"

தூக்கியவர்கள் கையை விட்டார்கள்.

"அப்போ துடைச்சா?" என்றான் தலையாட்டி. கல்யாணத்துக்குப் பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி.

தையல்காரி பழைய துணியொன்றை எறிந்தாள். "வழிச்செடுத்துட்டு அழுத்தித் தேய்ங்க. உங்களுக்கே தெரியும்."

தேய்த்தான். மேசை மின்னியது. அவள் விரித்த துணி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"அப்போ என் கட்டில் எங்கடா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். எல்லோரும் சாமியின் கொட்டகைக்கு ஓடினார்கள். அங்கே பீடை பிடித்த அத்தனை சாமான்களும், துடைத்து மெருகேறி, விலைச்சீட்டோடு வரிசையாக நின்றன.

மேசைக்கு மூளை இல்லை. யார் எதை அப்பினாலும் சும்மா நிற்கும். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.