பதினொரு பூட்டும் மூன்று மொட்டையும்

ஒரு காலத்தில் என் வீட்டில் பதினொரு பூட்டுகள் இருந்தன. திருடன் ஆசைப்படும்படியான பொருள் ஒன்றுகூட இருந்ததில்லை. இதை வெளியே சொல்ல எனக்கு எழுபத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது.

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். கோட்டைகள் பற்றிய பாடம் வந்தால் எனக்குக் குரல் தானாக உயரும். மதில் எத்தனை ஆள் உயரம், அகழியில் முதலை இருந்ததா இல்லையா என்றெல்லாம் சொல்லிவிட்டு, "கடைசியில உள்ள இருந்த ஒருத்தர் கதவைத் தொறந்துட்டாங்க. அவ்வளவுதான், கோட்டை போச்சு" என்று கரும்பலகையைத் தட்டி முடிப்பேன். (அந்தச் சத்தத்தில்தான் பின் பெஞ்சுக்காரர்கள் விழித்துக்கொள்வார்கள்.) இவ்வளவு தெரிந்தவன் தன் வீட்டில் கோட்டை விட்ட கதைதான் இது.

நாங்கள் இருப்பது திருத்தணியில், மலையடிவாரத்திலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு தெரு. ஒரு வைகாசியில் இரண்டு வீடு தள்ளி இருந்தவர்கள் திருப்பதிக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்துவிட்டார்கள். போனது ஒரு மிக்ஸியும் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கும். அவர்கள் ஒரு வாரத்தில் அதை மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. ஓய்வுபெற்ற மனிதனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

முதலில் வராந்தாவுக்கு இரும்புக் கிரில் கேட் வந்தது. அதற்கு மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என மூன்று பூட்டு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கண்ணாடிச் சில்லு பதித்தேன். (அதன் பிறகு வடாம் காயவைக்க இடமில்லாமல் போனது.) பின்கதவுக்கு உள்பக்கம் குறுக்கே போட ஒரு இரும்புக் கம்பி, வெளிப்பக்கம் கொண்டியில் சாவியில்லாமல் அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் ஒரு பூட்டு. 'நாய் ஜாக்கிரதை' என்று ஒரு பலகை எழுதி மாட்டினேன். பால்காரர் இரண்டு நாள் பயந்து தெருவிலேயே நின்றார். மூன்றாம் நாள், "சார், நாய் எங்க சார்?" என்று கேட்டார். பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கடைசியாக, ரிமோட்டை அழுத்தினால் தெருவே அலறும் ஒரு சைரன். பின்கதவுக்கு மேலே ஒரு கேமரா. கேமராவில் தெரிவது என் செல்போனிலும் தெரியும்.

"இன்னாங்க இது, வூடா லாக்கப்பா?" என்றாள் என் மனைவி சரோஜா. "உள்ள இன்னா கீதுன்னு இத்தினி பூட்டு? ரெண்டு அலமாரி ஹிஸ்டரி புக்கு. எவனாவது வந்து தூக்கினு போனா நானே ஆட்டோ வெச்சு அனுப்புவேன்."

சரோஜாவிடம் எனக்கு ஒரே ஒரு புகார். பின்கதவின் குறுக்குக் கம்பியை அவள் போடவே மாட்டாள். பகலில் எப்போது போய்ப் பார்த்தாலும் கம்பி சுவரில் சாய்ந்து நிற்கும், கதவு சும்மா சாத்தியிருக்கும். கேட்டால் "மறந்துட்டேன்" என்பாள். நாற்பது வருடம் முன்பு என் தங்கை கல்யாணத்தில் யார் யார் என்ன கலரில் புடவை கட்டியிருந்தார்கள் என்று சொல்லக்கூடியவள் அவள். அவளுக்கு மறதி என்று நான் நம்பினேன். என் அறிவு அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு ஒரே மகன், தணிகை. சென்னையில் வேலை பார்க்கும்போது புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை, எங்களிடம் சொல்லாமல், பதிவுத் திருமணம் செய்துகொண்டான். போனில் சொன்னபோது நான் ஒரே வாக்கியம் பேசினேன். "இனிமே என் வாசலை மிதிக்காதே." வகுப்பில் ஒருவனை வெளியே அனுப்பும் குரலில் சொன்னேன். மணி அடித்தால் அவன் உள்ளே வந்துவிடுவான் என்று நினைத்தேனோ என்னவோ. நான்கு வருடம் ஆகிவிட்டது. அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததாகச் சரோஜா ஒருநாள் குழம்பைக் கிளறிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் பேப்பரை மடித்துவிட்டு வேறு பக்கம் படித்தேன்.

அந்த வருடம் ஆடிக் கிருத்திகை வந்தது. எங்கள் ஊருக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காவடிகள் ஆற்று வெள்ளம் மாதிரி வரும். முடி காணிக்கை கொடுத்துவிட்டுச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அன்று எங்கள் தெருவில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. யார் வந்து தண்ணீர் கேட்டாலும் கொடுக்க வேண்டும், உட்காரக் கேட்டால் இடம் விட வேண்டும். அது எழுதாத சட்டம். அந்த நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே வந்த ஒரே வீட்டுக்காரன் நான்தான்.

"நான் பக்கத்து வூட்டு அம்மாவோட மலைக்குப் போறேன், சாயங்காலம்தான் வருவேன்" என்று சரோஜா முன்வாசல் வழியாகக் கிளம்பினாள். பின்கதவுக்குக் காலையிலேயே நானே கம்பி போட்டிருந்தேன். அவள் போனதும் கிரில்லைப் பூட்டிவிட்டு நான் மலையடிவாரத்துக்குப் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து வருடா வருடம் அங்கே மோர்ப் பந்தல் வைப்போம். மோர் ஊற்றுவதைவிடச் செல்போனைக் காட்டுவதில்தான் எனக்கு அன்று மும்முரம்.

"இங்க இருந்தே என் பின்கதவு தெரியுது பாருங்க, மாஸ்டர்" என்று எங்கள் பழைய பி.டி. மாஸ்டர் கோதண்டத்திடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆங், தெரியுது. கூடவே ஒரு மொட்டையும் தெரியுது."

பிடுங்கிப் பார்த்தேன். கூட்டத்தில் சிக்னல் சரியில்லை. படம் அசையாமல் விட்டு விட்டு வந்தது. முதல் படத்தில் என் பின்கதவில் ஒரு மொட்டைத் தலை. அடுத்ததில் கதவு திறந்திருக்கிறது, இரண்டு மொட்டை. அதற்கடுத்ததில் கதவு சாத்தியிருக்கிறது, ஒருவரும் இல்லை. வீட்டில் ஆளே கிடையாது. ஆனால் கதவு உள்ளிருந்து திறந்திருக்கிறது!

முப்பத்திரண்டு வருடம் நான் நடத்திய பாடம் என் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. மோர்ச் சொம்போடு ஓடினேன்.

"திருடன்! மொட்டைத் திருடன்! புடிங்க அந்த மொட்டைய!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

அந்தத் தெருவில் அப்போது குறைந்தது இருநூறு மொட்டைகள் இருந்திருக்கும். அத்தனை பேரும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பூக்காவடி எடுத்து வந்த ஒரு பெரியவர், "எந்த மொட்டைங்க?" என்று மரியாதையாகவே கேட்டார். இன்னொருவர் அவ்வளவு மரியாதையாகக் கேட்கவில்லை. அதை இங்கே எழுத முடியாது. ஆனாலும் ஒரு கூட்டம் என் பின்னால் வந்தது.

போர்த் தந்திரம் எனக்குத் தெரியுமே. கோதண்டத்தைப் பின் சந்துக்கு அனுப்பினேன். கொண்டியில் திறந்தபடி தொங்கும் பூட்டை அமுக்கச் சொன்னேன். சொம்பைக் கீழே போட்டுவிட்டு நான் முன்பக்கம். ஒரு கையில் சாவிக்கொத்து, ஒரு கையில் ரிமோட். அழுத்தினேன். சைரன் அலறியது. பின்பக்கத்திலிருந்து, "உள்ள வெச்சுப் பூட்டிட்டேன் வாத்தியாரே!" என்று கோதண்டத்தின் குரலும் வந்தது. மேல் பூட்டைத் திறந்தேன், கீழ்ப் பூட்டைத் திறந்தேன். நடுப் பூட்டில் சாவியை நுழைத்தபோது கிரில்லுக்கு உள்ளே இருந்த மரக்கதவு திறந்தது.

கையில் கரண்டியோடு சரோஜா நின்றாள்.

"சரோஜா! பயப்படாத! எத்தினி பேரு?" என்றேன்.

"மூணு பேரு" என்றாள் அவள். "இன்னும் ரசமே ஊத்தல. அதுக்குள்ள இன்னாத்துக்கு இந்த ஊளை?"

அவள் பின்னாலிருந்து மஞ்சள் வேட்டி கட்டிய ஒரு சந்தன மொட்டை எட்டிப் பார்த்தது. வலது கை முழுக்கச் சாம்பார் சோறு. எனக்கு யாரென்று தெரியவில்லை. பெற்ற மகனை எனக்குத் தெரியவில்லை. நான்கு வருடத்தில் இளைத்திருந்தான், தலையில் முடியில்லை. இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம்.

"நைனா, சாவிய அப்டித் திருப்பாதீங்க, ஒடஞ்சிரும்" என்றான்.

அந்தக் குரல் காதில் விழுந்ததும் என் கை பதறித் திருப்பியது. சாவி உடைந்தது. பாதி பூட்டுக்குள், பாதி என் கையில்.

அதற்குள் திருவிழா டியூட்டிக்கு வந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "யாரும்மா திருடன்?"

"என் புள்ளைங்க. இது மருமவ, இது பேத்தி. குழந்தைக்கு மொத மொட்டை போட வந்தாங்க. சாப்புட்றாங்க. நீங்களும் வேணா சாப்புடுங்க."

"அப்போ கம்ப்ளெயின்ட்டு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த பாதிச் சாவியைப் பார்த்தேன். சைரனை நிறுத்தத் தெரியாமல் நான் தடுமாறியதைப் பார்த்து, ரிமோட்டை வாங்கிப் போலீஸ்காரரே நிறுத்தினார்.

திடீரென்று தெரு அமைதியானது. மருமகள் சைலஜாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வேண்டுதலுக்காக அவளும் மொட்டை போட்டிருந்தாள். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "பதண்டி, வெள்ளிப்போதாம்" என்று தணிகையிடம் மெல்லச் சொன்னாள். வாங்க, போயிடலாம் என்று அர்த்தம். எங்கள் ஊரில் தெலுங்கு எல்லோருக்கும் புரியும். எனக்கும் புரிந்தது. இப்போது போனால் இனி வர மாட்டார்கள் என்பதும் புரிந்தது.

"வாசலை மிதிக்காதன்னீங்க" என்றான் தணிகை, சாப்பாட்டுக் கையை மடக்கிக்கொண்டு. "நான் மிதிக்கல நைனா. பின்பக்கமாத்தான் வந்தேன். அம்மாவைப் பாத்துட்டுப் போயிடலாம்னு."

அப்போதுதான் எனக்கு அந்தக் குறுக்குக் கம்பி ஞாபகம் வந்தது. படிக்கும் காலத்தில் ஸ்டேஷனிலிருந்து பின் சந்து வழியாகத்தான் அவன் வீட்டுக்கு வருவான். நான்கு வருடமாக, ஒவ்வொரு பகலும், அந்தக் கதவு சும்மா சாத்தியே இருந்திருக்கிறது. அன்று காலை நான் போட்ட கம்பியையும் எடுத்துவிட்டு, முன்வாசல் வழியாக மலைக்குப் போனவள் தெருவைச் சுற்றி அதே கதவு வழியாகத் திரும்பி வந்து சமைத்திருக்கிறாள். சொந்த மகனுக்கு ஒரு வேளை சோறு போட அவள் இத்தனை நாடகம் ஆட வேண்டியிருந்தது. அப்படி வைத்திருந்தவன் நான்.

"பின்கதவு சாவியைக் குடு சரோஜா" என்றேன். அந்தப் பூட்டின் சாவி அவள் இடுப்புக் கொத்தில்தான் இருந்தது.

"மாட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீங்க தானே கூட்டினு வந்தீங்க? அவனை வாய் தொறந்து வான்னு கூப்புடுங்க. அப்பறம் தரேன்."

"எப்டி வான்னு கூப்புட்றது? அவன் உள்ள கீறான், நான்தான வெளிய நிக்கறேன்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பின் சந்திலிருந்து வந்து சேர்ந்த கோதண்டம்தான் என்று நினைக்கிறேன்.

சரோஜா கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "அப்ப, நான் உள்ள வரலாமான்னு அவனைக் கேளுங்க" என்றாள்.

ஆடி வெயில். செருப்பு எங்கே விழுந்ததென்று தெரியவில்லை, உள்ளங்கால் சுட்டது. வேட்டியெல்லாம் மோர். பின்னால் காவடி எடுத்தவர்கள், போலீஸ்காரர், என்னிடம் படித்த பழைய மாணவர்கள் இரண்டு பேர். நான் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தணிகை, நான் உள்ள வரட்டுமா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. சைலஜாவின் இடுப்பிலிருந்த குட்டி மொட்டைதான் என்னை ஏற இறங்கப் பார்த்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் கிழவன் மேல் இரக்கப்பட்டிருக்க வேண்டும்.

"ரா" என்றது. தெலுங்கில் 'வா'.

சரோஜா சாவியைக் குழந்தையின் கையில் கொடுத்தாள். குழந்தை அதைக் கம்பி வழியாக நீட்டியது. தெருவைச் சுற்றிப் பின் சந்துக்குப் போய், பூட்டைத் திறந்து, என் வீட்டுக்குள் நான் திருடனைப் போல நுழைந்தேன். சமையலறையில் நான்கு இலை போட்டிருந்தது. காலியாக இருந்தது ஒன்று. அது அவளுக்கா, எனக்கா என்று நான் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன். சரோஜா ரசம் ஊற்றினாள். அதன் பிறகு அந்த நான்கு வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை அவள் பேசியதில்லை. மறுநாள் அந்த இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து, "இத இன்னா பண்றது?" என்று மட்டும் கேட்டாள். அவரைப் பந்தலுக்குக் கால் ஊன்றினோம். இப்போதும் அங்கேதான் நிற்கிறது.

அதற்குப் பிறகு ஐந்து கிருத்திகைகள் சரோஜாவுக்குக் கிடைத்தன. அந்த நான்கையும் சேர்த்து ஒன்பது கிடைத்திருக்க வேண்டும்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. தணிகை இப்போது பெங்களூரில். வருடத்தில் இரண்டு மூன்று முறை வருகிறார்கள். ஸ்டேஷனில் இறங்கியதும் போன் வரும். "நைனா, மூணு திருடங்க வந்துகினு கீறோம். சைரன்லாம் ரெடியா?" பேத்திக்கு அந்தக் கதை மனப்பாடம். மோர்ச் சொம்பு எந்தக் கையில் இருந்தது என்பதைக்கூட அவளே திருத்துவாள். திறந்து கிடக்கும் பின்கதவை வேண்டுமென்றே தட்டி, "தாத்தா, நாய் இருக்கா?" என்பாள். "இருக்குது, வயசாயிடுச்சு, கடிக்காது" என்று நான் உள்ளிருந்து குரல் கொடுக்க வேண்டும். ஒருமுறை சொல்ல மறந்துவிட்டேன். வெளியே போய் மறுபடி தட்டினாள்.

பூட்டுகளெல்லாம் துருப்பிடித்துவிட்டன. சைரன் மழையில் செத்தது. கேமரா மட்டும் இன்னும் ஓடுகிறது. அன்று போனில் விட்டு விட்டு வந்த படம், கேமராவின் கார்டில் முழுதாகப் பதிவாகியிருந்தது. தணிகைதான் எடுத்து என் போனில் போட்டுத் தந்தான். பதினான்கு வினாடி. சத்தம் கிடையாது. மூன்று மொட்டைகள் வந்து நிற்கின்றன. கதவு உள்ளிருந்து திறக்கிறது. சரோஜாவின் முகம் அதில் இல்லை, கை மட்டும்தான் வருகிறது. இரண்டு கண்ணாடி வளையல், மணிக்கட்டில் கொஞ்சம் மாவு. அந்தக் கை முதலில் குழந்தையின் மொட்டையைத் தடவுகிறது, பிறகு மூன்று பேரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கதவு சாத்திக்கொள்கிறது.

பகலில் சாப்பிட்டுவிட்டு அதை ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். கதவு சாத்திக்கொண்டதும் படம் நின்றுவிடும். நான் எழுந்து போய், பின்கதவு சும்மா சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.