இரும்பை மாமாவுக்கு நான் செய்த முதலுதவி

சட்டம் கேட்பது முதலுதவி கற்ற ஓர் ஆளைத்தான். அந்த ஆளுக்குக் கொஞ்சம் மூளையும் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. அந்தச் சந்தில் புகுந்து வந்தவன் நான்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டினாற்போல இருக்கும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். உப்பை அரைத்து, அயோடின் கலந்து, பாக்கெட் போட்டு அனுப்புவது எங்கள் தொழில். ஒருநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி, "முதலுதவிப் பெட்டி எங்கே?" என்று கேட்டார். முதலாளி பெருமையோடு திறந்து காட்டினார். உள்ளே ஒரு சீப்பும், வாட்ச்மேனின் போன் சார்ஜரும், ஆயுத பூஜையில் மிஞ்சிய சந்தனமும் இருந்தன. (சந்தனம் குளிர்ச்சிதானே என்று முதலாளி சமாளித்துப் பார்த்தார்.) பெட்டியை நிரப்பினால் மட்டும் போதாது, முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர் வேலை நேரம் முழுக்க இருந்தே ஆகவேண்டும், அடுத்த முறை சான்றிதழைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

யாரை அனுப்புவது? மிஷின் ஓட்டுபவர் போனால் மிஷின் நிற்கும். லோடு ஏற்றுபவர் போனால் லாரி நிற்கும். நான் போனால் என் தலைக்கு மேலே சுற்றும் ஃபேன்தான் நிற்கும்.

"செந்திலு, நீ போய்ட்டு வா. நீ இல்லன்னா இங்க ஒண்ணும் குடி முழுகிடாது," என்றார் முதலாளி. இவ்வளவு மனமுவந்து என்னை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை.

பயிற்சி புதுச்சேரியில். ஒரு ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி, அதன் உயிரைக் காப்பாற்றச் சொன்னார்கள். "மொதல்ல தோளத் தட்டிக் கூப்பிடணும். அப்புறம் மூச்சு இருக்கான்னு நிதானமா பாக்கணும்..." என்று பயிற்சி தந்த அம்மா விளக்கிக்கொண்டிருந்தபோது சமோசா வந்துவிட்டது. அந்த நிதானம் சமோசாவோடு உள்ளே போய்விட்டது. மற்றபடி பொம்மையின் நெஞ்சை நான் பிரமாதமாக அழுத்தினேன். பொம்மை எந்தப் புகாரும் சொல்லவில்லை.

சான்றிதழோடு திரும்பியதும் சட்டையில் 'முதலுதவியாளர்' என்று ஒரு வில்லையைக் குத்திக்கொண்டேன். கூடவே ஏக்கமும் வந்துவிட்டது. யாருக்காவது ஏதாவது ஆகாதா? (இப்படி ஏங்குகிறவனைத்தான் உயிர் காக்க நியமித்திருந்தார்கள்.) பாக்கெட் ஒட்டும் அஞ்சலை அக்காவின் விரலில் ஒருநாள் லேசான கீறல். பெட்டியோடு ஓடினேன்.

"கட்டு போடவா அக்கா?"

"போப்பா அந்தாண்ட. இத்துனூண்டு கீறலுக்குக் கட்டு போட்டுக்கினு உக்காந்தா, பாக்கெட்ட உங்க சித்தப்பனா வந்து ஒட்டுவாரு?"

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணுக்கு ஊர் இரும்பை. பெயர் கலைச்செல்வி. பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் பிடித்துவிட்டதாம். அவள் அப்பா மட்டும், "பையனப் பத்தி விசாரிச்சிட்டுச் சொல்றோம்," என்று நிறுத்தி வைத்திருந்தார். விசாரிப்பது என்றால், சொல்லாமல் கொள்ளாமல் பையன் வேலை செய்யும் இடத்துக்கே வந்து, யாரோ எவரோ போல நின்று, நாலு பேர் வாயைக் கிளறிவிட்டுப் போவது. இதற்கு முன் இரண்டு பெண் வீட்டிலிருந்து இப்படி வந்து விசாரித்துவிட்டுப் போனவர்கள் திரும்பியே பார்க்கவில்லை. இதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று எனக்கு உள்ளூர நடுக்கம்.

விடிவதற்கு முன்பே வேலைக்கு வருகிற லோடு ஆட்கள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஷெட்டில் காலிச் சாக்கை விரித்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் படுத்துவிடுவார்கள். சைரன் ஊதினால் எழுந்து போவார்கள். அன்றும் ஊதியது. எல்லோரும் போனார்கள். ஒருவர் மட்டும் எழவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடைசியில் ஒரு நோயாளி!

தோளைத் தட்டினேன். "பெரியவரே! என்னா ஆச்சு? நான் செந்தில் வந்துருக்கேன்!" என்று கத்தினேன். பதில் இல்லை. என் பெயரைக் கேட்டதும் அவர் உடம்பு விறைத்த மாதிரி இருந்தது. (விறைத்தே விட்டார் என்று முடிவு கட்டினேன்.) நெஞ்சைப் பார்த்தேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

"வாட்ச்மேன், ஆம்புலன்சுக்குப் போன் போடு!" என்று அலறிவிட்டு, முட்டி போட்டு, கைகளைக் கோத்து, ரப்பர் பொம்மையை மனதில் நினைத்து அழுத்தினேன். "ஒண்ணு! ரெண்டு!"

மூன்று சொல்ல விடவில்லை. "அய்யய்யோ, கொல்றானே!" என்று பிணம் எழுந்து உட்கார்ந்தது. எழுந்த வேகத்தில் அதன் முழங்கை என் மூக்கில் இறங்கியது. முகத்துத் துண்டு கீழே விழுந்தது. கலைச்செல்வியின் அப்பா!

"மாமா... நீங்களா?"

"சும்மா இந்தப் பக்கமா வந்தேம்பா," என்றார் நெஞ்சைத் தடவிக்கொண்டே. (மத்தியான வெயிலில் உப்பளத்துக்குச் சும்மா வருவதற்கு அவருக்கு என்ன தலையெழுத்து?)

சத்தம் கேட்டு வந்த அஞ்சலை அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! உன்னப் பத்தி விசாரிக்க வந்தவருப்பா அவுரு!"

"கொஞ்சம் கண்ணசரலாம்னு படுத்தேன்," என்று மாமா ஒப்புக்கொண்டார். "உங்கொரலு கேட்டுச்சு. மாட்டிக்கினா அசிங்கமாச்சேன்னு தூங்கற மாதிரி கெடந்தேன். மூச்சக்கூட அடக்கிக்கினேன்."

அதற்குள் என் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. "முதலுதவி செய்யுங்கப்பா!" என்று யாரோ கத்த, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கம்பெனியில் சட்டப்படி அந்தத் தகுதி உள்ள ஒரே ஆள் நான்தானே! கடைசியில் மாமாவே தன் துண்டால் என் மூக்கைப் பிடித்துவிட்டார். கல்யாணம் கெட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கு வலிதான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்.

ஆம்புலன்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலாளி வந்து சேர்ந்தார். குட்டு உடைந்த பிறகு கூச்சம் எதற்கு என்று மாமா நேராகவே கேட்டார்: "பையன் எப்படிங்க?"

முதலாளி பல்லைக் கடித்தார். "இவனையா? இந்த நிமிஷமே வெளிய தள்ளணுங்க. ஆனா முடியல. இவன் இங்க இருந்தே ஆவணும்னு சட்டம் சொல்லுது."

"சட்டமே சொல்லுதா?"

"ஆமாங்க. கவர்மெண்ட்ல வந்து இவன் பேரக் கேட்டு எழுதிக்கினு போவாங்க."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். நெஞ்சைத் தடவுவதை நிறுத்திவிட்டார். அன்று சாயங்காலம் இரும்பையில் அவர் சொன்னதைக் கலைச்செல்வி இன்றும் நடித்துக் காட்டுவாள்: "பையன் ஒரு மாதிரிதான். ஆனா மொதலாளியே நெனச்சாலும் தூக்க முடியாத வேலை!"

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதிகாரியும் மறுபடி வந்து, சான்றிதழைப் பார்த்துத் திருப்தியாகப் போனார். முதலுதவிச் சட்டத்தால் எங்கள் கம்பெனியில் இதுவரை பிழைத்தது என் பிழைப்பு ஒன்றுதான்.

இரும்பைக்கு நான் போகும்போதெல்லாம் மாமா மத்தியானம் குப்புறத்தான் படுக்கிறார். நெஞ்சு எரிச்சல் என்று அவரை டாக்டரிடம் கூட்டிப் போனோம். "சாப்பிட்டதும் குப்புறப் படுக்காதீங்க. தலையணைய ஒசத்தி வச்சு மல்லாந்து படுங்க," என்றார் டாக்டர்.

மாமா பக்கத்தில் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாப்ள ஊருக்குப் போயிடட்டுங்க, மல்லாந்து படுத்துக்கறேன்."