சபாபதி படித்த பேப்பர்

மணி அடித்து அரை மணி நேரம் ஆகியும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் தமிழ்ப் பள்ளிக்கு வந்தது ஒரே ஒரு பிள்ளை. அந்த ஒரு பிள்ளைக்குப் பயந்துதான் மற்ற முப்பது பேரும் வரவில்லை.

பெயர் லெட்சுமி. ஏழு வயது. போன மாதக் கப்பலில் மலாயாவுக்கு வந்தவள்.

"இன்னிக்கு நீதான் கிளாஸ்ல முதல்" என்று அவளுக்குப் பலகையைக் கொடுத்தாள் மகதலேனா டீச்சர்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். பெஞ்சு காலியாக இருந்தால் பள்ளியையே மூடிவிடுவார். லெட்சுமியை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

"அது மட்டும் என் உசிரு இருக்கிற வரைக்கும் நடக்காது" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் டீச்சர்.

எல்லாம் ரயில்வே ஸ்டோரில் கணக்கெழுதுகிற கிராணி சபாபதி செய்த வேலை. ஞாயிறுதோறும் லைன் வீட்டுச் சனங்களை உட்காரவைத்துப் பேப்பர் படித்துச் சொல்கிற மனிதர். டீச்சர் அவரிடமே போய்க் கேட்டாள்.

"புதுசா வர்ற கூலிங்க நோயைக் கொண்டு வராங்க, திருடறாங்கன்னு பேப்பர்லயே போட்டிருக்கான் டீச்சர். நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒம்போதுலயே இந்த ஊருக்கு வந்தவன். பதினெட்டு வருஷம்! எனக்குத் தெரியாதா?"

டீச்சர் கிள்ளான் வரைக்கும் போய், லெட்சுமிக்கு ஒரு நோயும் இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தாள். சபாபதி அதைக் கேட்டு வாங்கி வீடு வீடாகக் காட்டினார்.

"பாத்தீங்களா? நல்ல பிள்ளைக்கு எதுக்குலா டாக்டர் கடுதாசி?"

மறுநாள் குழாயடியில், ஊரே பார்க்க, லெட்சுமி குடித்த குவளையிலேயே டீச்சர் தண்ணீர் குடித்துக் காட்டினாள். அன்று சாயங்காலமே பால்காரர் பாலை வேலிக்கு வெளியே வைத்துவிட்டு ஓடிவிட்டார். டீச்சருக்கும் ஒட்டிக்கொண்டதாம்!

அட, போங்கள்! டீச்சருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும், முக்காட்டைக்கூட எடுக்காமல் நேரே சபாபதி வீட்டு வாசலுக்குப் போனாள். கூட, பள்ளியைக் கூட்டுகிற வீரம்மா. சபாபதியோடு ஒரே கப்பலில் வந்தவள். அந்த உறவில் அவரை அண்ணே என்பாள். மூன்று வாரமாகத் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் நிறைந்திருந்தது.

"அந்தப் பேப்பரைக் காட்டுங்க" என்றாள் டீச்சர்.

"பேஷா! பெட்டியில பத்திரமா வச்சிருக்கேன்." பூச்சி அரித்து, மேல்பக்கம் மடிந்துபோன ஒரு தாளைக் கொண்டுவந்தார். "நான் படிக்கவா?"

"வேணாம். வீரம்மா படிப்பா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சபாபதி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஆவன்னாவைத் தாண்டாத வீரம்மாவா? இந்தா தங்கச்சி, நல்லாப் படி!"

வீரம்மா மடிப்பைப் பிரித்தாள். "டீச்சர், எனக்கு எழுத்து இன்னும் வரல. நம்பர்தான் வரும்."

"வர்றதைப் படி. சத்தமா."

வீரம்மா தாளின் உச்சியில் விரலை வைத்தாள். "ஒண்ணு... ஒம்போது... சைபர்... ஒம்போது."

பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, இதுல போட்டிருக்கிற திருட்டுக் கூலிங்க நாமதான் லா!"