மூக்கரின் ரம் யாத்திரை

ரம் குடிப்பவர்கள் ஒரு ரகம். ரம்மைத் தேடிப் போகிறவர்கள் வேறு ரகம். முதல் ரகத்தால் உங்களுக்குப் பெரிய தொந்தரவில்லை, குடித்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். இரண்டாம் ரகம் தானும் தூங்காது, உங்களையும் தூங்க விடாது. உலகத்தில் எந்த மூலையில் எவர் கரும்புப்பாகைப் புளிக்கவைத்துக் காய்ச்சினாலும் அங்கே விமானம் ஏறிப் போய், கொடுத்ததைக் கண்ணாடிக் கோப்பையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, காணாமல் போன பிள்ளை கிடைத்துவிட்ட மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, "ம்ம்... மழையில நனைஞ்ச தோல் பை" என்பார்கள். தோல் பையை எப்போது நக்கிப் பார்த்தார்கள்? கேட்காதீர்கள். கேட்டால் உங்களுக்கு ரசனை இல்லை.

மூக்கர் இந்த ரகம். காப்பீட்டு அலுவலகத்தில் கிளை மேலாளர். அந்தப் பெயர் அலுவலகத்தார் முதுகுக்குப் பின்னால் வைத்தது; காதில் விழுந்தபோது அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். பதினான்கு வருட விடுமுறைகளில், ரம் காய்ச்சும் பதினோரு வடிசாலைகள். மனைவியும் கூடவே போனார், வாசலில் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள. ஒரே ஒரு முறை அந்த அம்மாள் கேட்டார்.

"ஏங்க, இந்தத் தடவை சும்மா எங்கயாவது கடற்கரையில போய் உக்காரலாமா?"

"அதெல்லாம் டூரிஸ்டுங்க செய்ற வேலை" என்றார் மூக்கர், டூரிஸ்ட் விசாப் படிவத்தை நிரப்பிக்கொண்டே.

பன்னிரண்டாவது வடிசாலைக்கு இரண்டு பேருந்தும் ஒரு படகும் மாறிப் போனார்கள். கரும்புக் காட்டுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஆள் உயரச் செப்புக் கொப்பரை. அதன் மூடியும் குழாயும் சேரும் இடத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பிக்கொண்டிருக்க, எப்போதோ கரும்பு வெட்டப் போன தமிழர் வழிவந்த, ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் அடுப்பிலிருந்து எரிகிற கட்டைகளை இடது கையால் இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். வலது கை வெந்து சிவந்திருந்தது.

"ஓனர் இல்லையாம்மா?" என்றார் மூக்கர்.

"நான்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்."

ஆவி கசியாமலிருக்க மூட்டுவாயில் அப்பியிருந்த மாவுப் பூச்சு வெடித்துவிட்டது. ஒட்ட வந்த கையில் ஆவி அடித்துவிட்டது. தம்பி டவுனுக்குப் போயிருக்கிறார், பக்கத்தில் ஆளில்லை. கொப்பரையில் இருப்பது அந்த வருடத்துக் கடைசிக் கரும்பின் ஊறல். இன்று காய்ச்சாவிட்டால் கெட்டுப்போகும், அத்தனை உழைப்பும் சாக்கடைக்கு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மூக்கர் கேட்டார்: "இந்தக் கொப்பரை எத்தனை வருஷத்துது?"

அவர் மனைவி பெட்டிகளைக் கீழே வைத்தார். "மாவு எங்க இருக்கு?"

"அந்த டப்பாவுல அக்கா. கெட்டியாப் பிசையணும். காது மடலைத் தொட்டுப் பாருங்க, அந்தப் பதம்."

தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, கயிறாகத் திரித்து, முக்காலியில் ஏறி, ஆவி அடங்கக் காத்திருந்து, மூட்டைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார் அந்த அம்மாள். வியர்வை கண்ணில் இறங்கியது, தோள் கடுத்தது. பதினோரு இடங்களில் ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. இங்கே அவர் கை வேண்டியிருந்தது. அந்த வலியிலும் மனசு என்னவோ லேசாக இருந்தது.

கீழேயிருந்து ஒரு குரல்: "கொஞ்சம் நகரு, கொப்பரை மறையுது." மூக்கர் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி தீ மூட்டினார்கள். ஆவி கசியவில்லை. குழாய் முனையில் சொட்டு கட்டியதுமே மூக்கர் பாய்ந்துபோய்க் கோப்பையை நீட்டினார். ஏந்தினார், சுழற்றினார், மூக்கை விட்டார். "ஆஹா! இதுதான் அசல்!"

"ஐயோ, குடிச்சிராதீங்க சார்! அது முதல் வடி. விஷம். கீழ கொட்டறது."

இரண்டு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூக்கர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் 'உள்ளூர்க்காரர்களுக்குத் தங்கள் பொருளின் அருமை தெரிவதில்லை' என்று எழுதினார்.

ஊர் திரும்பியதும் வரவேற்பறையில் சபை கூடியது. "பதம்தாங்க முக்கியம், காது மடல் மாதிரி இருக்கணும். நான் ஒரு அழுத்து அழுத்தினேன் பாருங்க, ஆவி கப்புனு நின்னுடுச்சு!" படத்தின் ஓரத்தில் மாவு அப்பிய முழங்கை ஒன்று தெரிந்தது. "இது யாரு சார்?" என்றார் அலுவலகக் கணக்காளர்.

"அங்க வேலை செய்ற பொம்பள."

தேநீர்த் தட்டோடு வந்த மனைவி அதைக் கேட்டார். தட்டை மேசைமேல் வைத்தார். உள்ளே போனார். அவ்வளவுதான்.

அடுத்த அறுவடைக்கு ஒரு மாதம் வந்து கூட இருக்க முடியுமா என்று வடிசாலைக்காரப் பெண் தொலைபேசியில் கேட்டார். அம்மாள் தனக்கு மட்டும் பயணச்சீட்டு எடுத்தார். "எனக்கும் சேர்த்து எடுத்திருக்கலாமே!" என்று பதறினார் மூக்கர்.

"வேலை செய்ற பொம்பளைங்களை மட்டும்தாங்க கூப்பிட்டிருக்காங்க."

போய்விட்டார். இப்போது மூக்கர் வருகிறவர்களுக்கெல்லாம் படத்தைக் காட்டுகிறார், தேநீர்தான் இல்லை.

நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். ரம்மைத் தொட்டதே இல்லையாக்கும்! இருக்கட்டும். போன தடவை ஒரு மலையூருக்குப் போய்விட்டு வந்து, "அங்க சும்மா போனா ஒண்ணும் தெரியாது, விவரம் தெரிஞ்சு போகணும்" என்று யாரிடமோ முக்கால் மணி நேரம் பேசினீர்களே, நினைவிருக்கிறதா? அவர் எத்தனை முறை கடிகாரத்தைப் பார்த்தார் என்று நீங்கள் பார்த்தீர்களா?