இது ஓசூர் அல்ல

ஓசூர் கிளையில், சரக்கு அனுப்பும் பிரிவின் அறையில் அன்று பிற்பகல் இருந்தவர்கள் நான்கு பேர். கணினிக்கு நேர் எதிரே தலைமை எழுத்தர் அன்புமணி. அவருக்கு வலப்பக்கம், மவுஸ் கைக்கெட்டும் தூரத்தில், லாரி ஓட்டுநர் மாடசாமி. இடப்பக்கம், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல், முன்கேட்டுக் காவலர் கங்கப்பன். சன்னலோரம், பில் போடும் சுஜாதா.

மேசைமேல் கிருஷ்ணகிரி தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கை கிடந்தது. ராயக்கோட்டைக்குப் போக வேண்டிய சரக்கு கர்நாடகத்து ராய்ச்சூரில் போய் இறங்கியதன் விளைவு அது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் புவியியல் விளையாட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிரிவினர் அனைவரும் விளையாடிக் கற்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன் என்று இன்று நான்கு மணி வேனில் கடிதம் வர வேண்டும். 'தங்களுக்கு ஊர் தெரியும் என்ற நம்பிக்கை அக்கடிதத்தால் ஏற்படாவிடில், பிரிவு கிருஷ்ணகிரிக்கே மாற்றப்படும்.'

பதினான்கு வருடமாக ஓசூரில் வேலை பார்க்கும் அன்புமணி போன வாரம்தான் பக்கத்து மத்திகிரியில் வீடு பிடித்து, மகளைப் பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்த்திருந்தார். தினமும் கிருஷ்ணகிரி பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருவதை நினைத்தாலே முழங்கால் வலித்தது.

முதல் விளையாட்டில் கொடியைப் பார்த்து நாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும்.

"நம்ம லோடு நார்வேக்கா சார் போவுது?" என்றார் மாடசாமி.

"பேசாம பாருய்யா."

"பாக்கேன் சார். பாத்தா எல்லாம் கட்சிக் கொடி மாதிரில்லா இருக்கு."

அன்புமணி அதை மூடிவிட்டு இந்திய வரைபட விளையாட்டைத் திறந்தார். எல்லாம் ஆங்கிலம். மாடசாமிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தமிழுக்கு மாற்றுகிறேன் என்று அன்புமணி அவசரத்தில் எதையோ அழுத்த, திரை முழுக்கக் கன்னடம் கொட்டியது.

"இப்பதான் சார் நல்லாகீது," என்று கங்கப்பன் பெட்டியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கேள்வியை அவரே உரக்க வாசித்தார், பதிலையும் அவரே சொன்னார். நூற்றுக்கு நூறு வாங்கிய பிறகும் மவுஸை விடவில்லை.

"வாட்ச்மேனுக்கு மட்டுந்தான் ஊர் தெரியும்னு எழுதட்டுமா?" அன்புமணியின் குரல் உயர்ந்தது.

"எழுதுங்க சார். நெசந்தான."

மணி மூன்று.

சுஜாதா எட்டிப் பார்த்தாள். "எழுத்தே இல்லாத ஒண்ணு இருக்குது சார். ரோடு போட்டோ காட்டுவான். எந்த ஊருன்னு மேப்புல குத்தணும். ஒரு நாளைக்கு மூணு ஆட்டம் ஃப்ரீ."

முதல் படத்தில் தென்னை மரங்கள் தெரிந்தன. அன்புமணி கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் மாடசாமி பொள்ளாச்சியில் குத்திவிட்டார். அது பிலிப்பைன்ஸ். இரண்டாவது படம் வந்ததும் கங்கப்பன் கை நீட்ட, அன்புமணி தடுக்க, முழங்கை பட்டு, குறி நடுக்கடலில் விழுந்தது.

"இனிமே யாராவது மவுஸத் தொட்டீங்க, எல்லாரையும் கிருஷ்ணகிரிக்கு நானே மாத்திடுவேன்."

மூன்றாவது படம். நீளமான ஒரு மதில். எதிரே பஞ்சர் கடையின் பலகை தெலுங்கில். பக்கத்துச் சுவரொட்டி கன்னடத்தில். நிறுத்தியிருந்த லாரியின் முதுகில் தமிழ். மதிலோரம், முகம் மங்கலாக்கப்பட்ட ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"குப்பம் சார்," என்றார் மாடசாமி.

"கோலாரு. நான் பொண்ணு கட்டுன ஊரு, எனக்குத் தெரியாதா?" என்றார் கங்கப்பன்.

அன்புமணி எதையும் முறைப்படி செய்பவர். கடை நகராது, லாரி நகரும். ஆகவே தமிழைக் கழித்துவிட வேண்டும். மீதி இரண்டு மொழியும் சேரும் இடம் கோலார் என்று குத்தினார்.

'தவறு. விடை: ஓசூர்.'

கங்கப்பன் சிரித்தார். "பதினேழு வருசமா இந்த ஊர்ல டூட்டி பாக்கறேன். எனக்குத் தெரியாம ஓசூர்ல ஒரு ரோடா?"

"நான் பத்து வருசமா வண்டி ஓட்டுதேன் சார். சத்தியமா இது இங்கன இல்ல."

அன்புமணிக்கு அன்று முதன்முறையாக மூச்சு நிதானமாக வந்தது. விளையாட்டே தப்பு. அந்தத் தப்பைக் கண்டுபிடித்த பிரிவுக்கு ஊர் தெரியாது என்று எவன் சொல்வான்? பேனாவைத் திறந்தார்.

'மதிப்பிற்குரிய ஐயா, மேற்படி விளையாட்டுகளில் மூன்றாவதை நாங்கள் நிராகரிக்கிறோம். அதில் ஓசூர் எனக் காட்டப்படும் இடம் ஓசூர் அல்ல என்பதை, மொத்தம் நாற்பத்தோரு ஆண்டு அனுபவமுள்ள கீழ்க்கண்ட மூவரும் உறுதி கூறுகிறோம். ஆதாரமாகப் படம் இணைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது விளையாட்டு நன்று.'

"நீயும் ஒரு கையெழுத்துப் போடும்மா."

"நான் வந்தே மூணு மாசந்தான் சார். என்னை உட்ருங்க," என்றாள் சுஜாதா.

மூவரும் கையெழுத்திட்டார்கள். அன்புமணி படத்தை அச்செடுத்து மடித்து வைத்து, உறையின் ஓரத்தை இரண்டு முறை பசை தடவி ஒட்டி, முத்திரை குத்தி, வேனில் சேர்க்கச் சொல்லி மாடசாமியிடம் கொடுத்தனுப்பினார். நான்கு மணி வேன் முன்கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறுவதைச் சன்னல் வழியே கண்ணாரப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

அறையைக் கூட்ட வந்த வெங்கடம்மாள், துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, இன்னும் அந்தப் படமே இருந்த திரையருகே குனிந்தாள்.

"ஏன் சார், நம்ம பின்கேட்டுல நான் பெருக்கறத போட்டோ புடிச்சது சரி, என் மூஞ்சிய மட்டும் என்னாத்துக்கு அழிச்சு வெச்சிருக்கீங்க?"