சோப்புக்கு வாங்கிய எண்ணெய்

வடை தின்பதற்காக ஒரு மனிதன் சோப்புத் தயாரிப்பில் இறங்கினான் என்றால் நம்ப மாட்டீர்கள். நான் இறங்கினேன். செம்பாக்கம் ஏரியைச் சுற்றி நடக்கிற அத்தனை பேரிலும் இப்படி யோசிக்கிற மூளை எனக்கு மட்டும்தான் என்று அன்றைக்கு மார்தட்டிக்கொண்டேன்.

எல்லாம் ரத்தப் பரிசோதனையால் வந்த வினை.

"கொழுப்பு ஜாஸ்தி" என்றார் டாக்டர்.

"அதை நான் கல்யாணமான புதுசுலயே கண்டுபிடிச்சிட்டேன் டாக்டர்" என்றாள் என் மனைவி ஜாஸ்மின்.

டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தார். நான் ஏறி நின்ற எடை மெஷின்கூட லேசாகக் குலுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் அமலுக்கு வந்தது. மாதத்துக்கு அரை லிட்டர் எண்ணெய். வாணலி பரண் மேல். பூரி இனிமேல் சரித்திரம். காலையில் சாமைப் பொங்கல், மாலையில் சுண்டல், நடுவில் வெள்ளரிக்காய். காட்டாங்குளத்தூர் காலேஜ் ஆபீசில் நான் டிபன் பாக்ஸைத் திறந்தால், பக்கத்து சீட்டுக்காரர்கள் மௌன அஞ்சலி செலுத்துவதுபோல் தலை குனிந்தார்கள்.

கடையில் தின்னலாமே என்பீர்கள். ஜாஸ்மின் சேலையூரில் கெமிஸ்ட்ரி டீச்சர். கேம்ப் ரோட்டில் எந்த டீக்கடையில் நின்றாலும், "சார், டீச்சர் நல்லாருக்காங்களா?" என்று ஒரு பழைய மாணவன் முளைப்பான். எண்ணெய் பாக்கெட் வாங்கலாம் என்றால் மளிகைக் கடைக்காரரின் மகளும் அவள் வகுப்புதான்.

எதிர் ஃபிளாட் யக்ஞநாராயணனிடம் போய் அழுதேன். அவர் மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார்.

"தனியாத்தானே இருக்கீங்க சார்? நாலு வடை சுட்டா என்ன?"

"எண்ணெய்?"

"பாட்டில்ல இருக்குமே."

"இருக்கு. போறச்சே மார்க்கரால கோடு போட்டுட்டுப் போயிருக்கா. தினம் வீடியோ கால்ல பாட்டிலைக் காட்டணும்." குரலைத் தாழ்த்தினார். "எண்ணெய் நீங்க கொண்டு வாங்கோ. பருப்பு நான் ஊறப் போடறேன்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது.

"ஜாஸ்மின், உன் கையில அந்த அரிப்பைப் பாக்கவே சகிக்கல. கடை சோப்பே வேணாம். வீட்டுலயே சோப்புப் போடலாம்."

"திடீர்னு என்னங்க என் கைமேல இவ்ளோ அக்கறை?"

"எனக்கு எப்பவுமே அக்கறைதான். வெளியில காட்டிக்க மாட்டேன்."

"எதுல போடுவீங்க?"

"தேங்காய் எண்ணெய். ஒரு கிலோ போதும்."

ஜாஸ்மின் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல ஐடியாங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு கிலோ எண்ணெயைத் தராசில் நிறுத்து எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி மூடிவைத்துவிட்டு சர்ச்சுக்குப் போனாள். எனக்குத் தலைவலி. ஆட்டோ தெருமுனை தாண்டியதும் தலைவலி பறந்துவிட்டது. ஒரு டம்ளர் எண்ணெயை மொண்டு எதிர் ஃபிளாட்டில் கொடுத்தேன். யக்ஞநாராயணன் அதைத் தீர்த்தம்போல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் பால்கனியில் சோப்பு வேலை. லேப் கண்ணாடி, கையுறை சகிதம் ஜாஸ்மின் காஸ்டிக் சோடா கரைசலை எண்ணெயில் ஊற்ற, நான் கிளறினேன்.

"பாத்துக் கிளறுங்க. எண்ணெய்க்குத் தக்கன காஸ்டிக். அதான் இதுல சூட்சுமமே."

"எண்ணெய் கொஞ்சம் குறைஞ்சா?"

"மிச்ச காஸ்டிக் சோப்புலயே தங்கிடும். குளிக்கிறவங்க தோலு உரிஞ்சு வந்துடும்."

கரண்டி நின்றது.

"நாமதானே குளிக்கப் போறோம்?"

"இல்லீங்க, சர்ச் சேல்ஸுக்கு. முதல் கட்டி சாராள் அம்மாவுக்குன்னு சொல்லிட்டேன். பாஸ்டர் வீட்டம்மாவுக்குப் பூ மாதிரி ஸ்கின்."

அன்று சாயங்காலம் என் கையில் வடை இருந்தது. பொன்னிறம். நடுவில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் சாராள் அம்மா தெரிந்தார். ஒரு கடிக்குமேல் இறங்கவில்லை. என் பங்கையும் யக்ஞநாராயணனே தியாக மனப்பான்மையோடு தின்றுமுடித்தார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அரை லிட்டரும் ரத்தாகும், சுண்டலுக்குத் தாளிப்புகூட இருக்காது. அதைவிட, பிள்ளையைப்போல் அந்தக் கட்டிகளைத் திருப்பித் திருப்பி வைக்கிற அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. நான் கோழை. அவ்வளவுதான்.

சோப்பு ஒரு மாதம் காய வேண்டுமாம். நானும் கூடவே காய்ந்தேன். போட்டதைத் தின்றேன். பாகற்காய்க்கும் முகம் சுளிக்கவில்லை. வீட்டில் இருந்தால் அந்தக் கட்டிகள் என்னையே பார்ப்பதுபோல் இருந்ததால் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தேன். எதிர் ஃபிளாட்டிலிருந்து வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டை ஏறி முடித்தபிறகுதான் எனக்கு மூச்சு வாங்கவில்லை என்பதே உறைத்தது. உள்ளுக்குள் குழந்தைபோல் சந்தோஷப்பட்டேன். மறுபரிசோதனையில் டாக்டர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

விற்பனைக்கு முதல் நாள் துணிந்துவிட்டேன்.

"ஜாஸ்மின், முதல் கட்டியில நான் குளிச்சுப் பாக்கறேன்."

"எதுக்குங்க?"

"எது வந்தாலும் எனக்கே வரட்டும்."

"சோப்புப் போட்டுக் குளிக்கப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?"

பாத்ரூம் கதவைச் சாத்தி, ஜெபம் பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தேன். நுரை பொங்கியது. எரியவில்லை. அரிக்கவில்லை. தோல் எங்கேயும் போகவில்லை, பட்டுப்போல் ஆகியிருந்தது. கர்த்தர் மன்னித்துவிட்டார்! திருட்டும் வெளிவரவில்லை, உடம்பும் தேறியாயிற்று. வாய் வரைக்கும் வந்த வாக்குமூலத்தைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினேன். இந்த ஜீவானந்தமா கொக்கா!

சர்ச்சில் அத்தனை கட்டியும் விற்றுப்போனது. சாராள் அம்மா இன்னும் நான்கு கேட்டாராம். ஜாஸ்மின் கையிலும் அரிப்பு அடங்கியிருந்தது. அடுத்த ஞாயிறு அவள் மறுபடி எண்ணெயையும் தராசையும் எடுத்துவைத்தாள். நான் கையுறையை மாட்டிக்கொண்டு வெற்றி வீரன்போல் பக்கத்தில் போய் நின்றேன்.

"காஸ்டிக் எவ்ளோ நிறுக்கட்டும்?"

"இருங்க. இந்தத் தடவையும் ஒரு டம்ளர் எடுப்பீங்களா? முன்னாடியே சொல்லிட்டா, போன தடவை மாதிரி அதைக் கழிச்சுட்டு மிச்சத்துக்கு மட்டும் நிறுத்துக்கலாம்."