வால் நட்சத்திரத்துக்கு டச்சப்

அன்னிக்கு எனக்கிருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கம்ப்யூட்டர் திரையில் தெரியும் படத்தை போட்டோ எடுத்து, பெருசா பிரிண்ட் போட்டுக் கொடுக்கணும்.

எண்பதுகளின் நடுவில் நெல்லித்தோப்பில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். காலேஜில் பாடம் நடத்தும் மதாம் ஒருத்தர் ஃப்ளாப்பியோடு வந்தார்.

"இதுல வால் நட்சத்திரப் படம் இருக்கு. நாளைக்குக் காலையில கண்காட்சி. இதை நம்பித்தான் என் ஸ்டாலே இருக்கு!"

"மதாம், மாப்பிள்ளை மூஞ்சி மருவையே காணாம அடிச்சவன் நான். கவலைய விடுங்க!"

உழவர்கரையில் கம்ப்யூட்டர் சென்டர். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதிலேயே எனக்குச் சூடு ஏறிவிட்டது. இதென்ன கோயிலா?

ஆபரேட்டர் பர்வீன் ஃப்ளாப்பியைச் செருகி, நட்சத்திரப் படம் பார்ப்பதற்கென்றே இருந்த புரோகிராமை ஓட்டினாள். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. ஒரே கறுப்பு!

"என்னம்மா, லென்ஸ் மூடியைக் கழட்டாம எடுத்தாங்களா?"

"இருங்கண்ணே, வெளிச்சம் ஏத்தணும்."

ஏதோ நம்பர் தட்டினாள். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்!

"அய்யய்யோ, எவ்ளோ தூசி! அழி!"

"அதெல்லாம் நட்சத்திரம்ணே."

"அத்தனையுமா? சரி, பெருசையெல்லாம் வச்சுக்க. பொடியெல்லாம் எடுத்துடு."

"அண்ணே..."

"பாதியாவது எடு!"

வானத்துக்கே பேரம் பேசியவன் நான் ஒருத்தனாகத்தான் இருக்கணும். புள்ளி அழிக்கவும் அந்த புரோகிராமில் வசதி இருந்தது. பொடியெல்லாம் அழித்தாள். ஓரத்தில், எண்ணெய்க் கை பட்டது போல ஒரு கறை மட்டும் மிச்சம்.

"அதையும் எடு."

"மதாமை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"போட்டோக்காரன் நானா, நீயா?"

நான் போட்ட சத்தத்தில் எடுத்துவிட்டாள். விளக்கை அணைத்து, ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, திரையை அப்படியே படம் பிடித்தேன். பளிங்கு மாதிரி வானம்!

மறுநாள் காலை பிரேம் போட்டுக் கண்காட்சிக்கே கொண்டுபோனேன். மதாம் படத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"வால் நட்சத்திரம் எங்க?"

"அது எதுங்க மதாம்?"

"ஓரத்துல, புகை மாதிரி..."

அந்த எண்ணெய்க் கறை! அவசரமாகப் பையைத் திறந்தேன்.

"பிரஷ், வெள்ளைப் பெயிண்ட் எல்லாம் பையிலயே இருக்கு மதாம். இப்பவே போட்டுத் தரேன். வால் எத்தனை அங்குலம் வேணும்?"

மதாம் முறைத்த முறைப்பில் பெயிண்ட் காய்ந்திருக்கும். அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு அட்டையில் எழுதிப் படத்துக்குக் கீழே மாட்டினார்: 'வால் நட்சத்திரம் போன பிறகு வானம்.'

பார்க்க வந்த ஒருத்தர் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். "வானம்னா இப்படி இருக்கணும்யா. ஒரு பொட்டுத் தூசி இல்ல!"

அந்த மண்டபத்திலேயே தொழில் தெரிஞ்ச மனுஷன் அவர் ஒருத்தர்தான்.